உத்தியோகம் பார்க்கும் தாயும் குழந்தையின் பாலும்



தாய்ப்பாலைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு பாடசாலை அதிபருக்கு என்ன தகுதி என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். கேள்வி நியாயமானதே. நான் வைத்தியர் அல்லேன். தமிழும் வரலாறும் படித்துப் பட்டம் பெற்றவள். ஆயினும் என் பாடசாலையில் நாற்பதுக்கு மேற்பட்ட ஆசிரியைகள் கடமையாற்றுகின்றனர். ஆண்டுதோறும் அவர்களுள் இரண்டு மூன்று பேர் பிரசவ விடுமுறையிற் சென்று மீள்கின்றனர். மீண்டு வந்தபின் அவர்களுடைய பால் வற்றுவதும் வற்றாதிருப்பதும் வைத்தியருடைய கையில் இருப்பதைக் காட்டிலும் நேரசூசி போடுகிறவருடைய கையிலேயே அதிகம் இருக்கின்றன. எங்கள் பாடசாலையில் நேரசூசிக்குப் பொறுப்பு நான். ஆகவேதான் இன்று பேச வந்தேன்.

பிறந்த குழந்தைக்கு முதல் 6 மாதங்களும் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர் கூட வேண்டியதில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நம் நாட்டுத் தாய்மார் இதில் எவருக்கும் பின்தங்கியவர் அல்லர். 2016ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 82 தாய்ப்பாலை மட்டுமே உண்டு வளர்ந்தன. பெருமைப்படத்தக்க கணக்குத்தான். ஆனால் விடுமுறைக் கணக்கு வேறு. அரசாங்க உத்தியோகத்தருக்கு முழுச் சம்பளத்துடன் கிடைப்பது 84 வேலை நாள்கள். ஏறக்குறைய நான்கு மாதங்கள். அதன்பின் அரைச் சம்பளத்தில் 84 நாள்களும், சம்பளமே இல்லாமல் இன்னும் 84 நாள்களும் எடுக்கலாம். வீட்டுக் கடன் கட்டுகிற குடும்பத்தில் அரைச் சம்பளம் எத்தனை நாளைக்கு ஓடும்? ஆகவே பெரும்பாலோர் நான்காம் மாத முடிவிலேயே திரும்பி விடுகின்றனர். நான்குக்கும் ஆறுக்கும் இடையிலுள்ள அந்த இரண்டு மாதத்திலேதான் பல வீடுகளிற் பால்மாப் பெட்டி உள்ளே வருகிறது.

சில காலத்துக்கு முன் எங்கள் கணித ஆசிரியை ஒருவர் அவ்வாறு திரும்பி வந்தார். அவர் வீடு யாழ்ப்பாணப் பக்கம்; பாடசாலையோ வன்னியில். காலை ஐந்தரை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டாற்றான் கண்டி வீதியிற் பஸ் பிடித்து ஏழரை மணிக்கு முன் வந்து கையெழுத்திடலாம். ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டு வீடு போய்ச் சேர மூன்றரை. ஆகப் பத்து மணி நேரம். நான்காம் நாள் அவர் என் அறைக்கு வந்து, அரைச் சம்பள விடுமுறைக்கு விண்ணப்பம் வேண்டும் என்றார். சேலைத் தலைப்பை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தார். காரணம் கேட்டேன்.

"பால் வத்திக்கொண்டு போகுது மிஸ். பின்னேரம் வீட்டுக்குப் போனால் பிள்ளைக்குக் காணுதில்லை. மாமி பால்மா வாங்கி வைச்சிட்டா."

"பாடசாலையில் இருக்கும்போது பாலை எடுக்கிறீரா?" என்றேன்.

"எங்கே மிஸ் எடுக்கிறது?" என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். ஏனென்றால் அதே கேள்வியை ஒரு காலத்தில் நானும் என்னைக் கேட்டிருக்கிறேன். 1990களின் பிற்பகுதியில் என் மூத்த பிள்ளையை வீட்டில் விட்டு வேலைக்குத் திரும்பியபோது, பதினொரு மணியளவில் மார்பு கல்லாகிவிடும். மலசலகூடத்துக்குள் நின்று, வெளியே ஒருவர் கதவைத் தட்டிக்கொண்டிருக்க, பாலைப் பீய்ச்சித் தண்ணீர் ஊற்றி விடுவேன். வலி தீரும் அளவுக்குத்தான் எடுப்பேன். முழுவதையும் எடுக்க நேரமில்லை. மூன்று கிழமைக்குள் மார்பு கல்லாவது நின்றது. உடம்பு பழகிவிட்டது என்று மகிழ்ந்தேன். உண்மையிற் பால் நின்றுகொண்டிருந்தது. அன்றைய என் அதிபர் கொடியவர் அல்லர்; நான் சொல்லவில்லை, அவர் கேட்கவுமில்லை. ஆண் அதிபரிடம் போய் இதனை எவ்வாறு சொல்வது என்ற கூச்சம் எனக்கு. ஒரு பெண்ணாக அதே நாற்காலியில் அமர்ந்தபின் நானும் நான்கு நாள் கேட்காமல் இருந்துவிட்டேனே என்பதுதான் அன்று என்னைச் சுட்டது.

இனிப் பால் சுரக்கும் விதத்தைச் சற்றுப் பார்ப்போம். குழந்தை உறிஞ்சும்போதோ, கையினாலோ கருவியினாலோ பாலை எடுக்கும்போதோ, தாயின் மூளையடியிலுள்ள சுரப்பியிலிருந்து இரண்டு சுரப்பு நீர்கள் குருதியிற் கலக்கின்றன. புரோலக்ரின் என்பது பாலை உண்டாக்குவது. ஒட்சிற்றோசின் என்பது உண்டான பாலைக் காம்பை நோக்கித் தள்ளுவது. இவை தவிர, மார்புக்குள்ளேயே ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார் என்று சொல்லலாம். பால் எடுபடாமல் தேங்கி நின்றால், இவ்வளவு தேவையில்லை போலும் என்று அவர் உற்பத்தியைக் குறைத்துவிடுவார். எடுக்க எடுக்கக் கூட்டுவார். யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணற்றை அறிந்தவர்களுக்கு இது புதுமையன்று. இறைக்கிற கிணறுதான் ஊறும். ஆகவே வேலைக்குப் போகும் தாயின் பால் வற்றுவது பலவீனத்தாலோ, கண்ணூறு பட்டதாலோ அன்று. பத்து மணி நேரம் இறைக்காமல் விட்ட கிணறு அது.

அப்படியானால் வழி என்ன? குழந்தை வீட்டிற் பால் குடிக்கும் வேளைகளில், தாயும் தான் இருக்கும் இடத்திற் பாலை எடுக்க வேண்டும். ஏறக்குறைய மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்று கொள்ளலாம். புறப்படுமுன் ஐந்து மணிக்குக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு வரும் எங்கள் ஆசிரியைக்கு, காலை ஒன்பது மணியளவில் ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை. மூன்றரைக்கு வீடு சேர்ந்தவுடன் மறுபடி குழந்தையே எடுத்துக்கொள்ளும்.

எவ்வளவு பால் வேண்டும் என்பதிலும் வீண் பயம் உண்டு. முதல் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் ஒரு குழந்தை நாளொன்றுக்குச் சராசரி 750 மில்லிலீற்றர் குடிக்கிறது. சில குழந்தைகள் கூட, சில குறைய. பிள்ளை வளர வளர இது இரட்டிப்பாவதில்லை. எனவே பத்து மணி நேரத்துக்கு 300 மில்லிலீற்றரும் சிறிது மேலும் வீட்டில் இருந்தாற் போதும். இதனைக் கேட்ட கணித ஆசிரியை அங்கேயே மனக்கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா மிஸ்?" என்றார்.

பால் எடுப்பதற்குக் கை போதும். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, அவித்த வாயகன்ற கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் மேலே பெருவிரலும் கீழே சுட்டுவிரலுமாக வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்தி, பின்னர் விரல்களை ஒன்றையொன்று நோக்கி அமர்த்தி விடுதல் வேண்டும். காம்பையே பிடித்து இழுக்கலாகாது. தோலின்மேல் விரலை உராயவும் கூடாது. விரல் வைக்கும் இடத்தைச் சுற்றிச் சுற்றி மாற்றினாற் பல பக்கத்துப் பாலும் வரும். ஒரு பக்கத்தில் ஓட்டம் குறைந்ததும் மறு பக்கம், பின் மறுபடி முதற் பக்கம். பழகும் வரை அரைமணி நேரம் செல்லும். குடும்பநல மாதுவிடம் கேட்டால் நேரிற் காட்டித் தருவார்.

கருவியைப் பயன்படுத்துகிறவர்களும் இப்போது பலர். பால் எடுக்கும் பம்பின் வரலாற்றிலே எனக்கு வியப்பூட்டிய ஒரு செய்தி, 1920களில் அதற்கு நல்லதோர் உருவம் கொடுத்தவர்களுள் ஒருவர் புகழ்பெற்ற சதுரங்க வீரர் என்பது. ஜேர்மனியிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய எட்வேட் லாஸ்கர் தொழிலால் எந்திரவியலாளர். சதுரங்கத்தால் வராத பணம் அவருக்குப் பம்பினால் வந்ததாம்! பின்னர் 1956இல் சுவீடன் நாட்டு எக்னெல் என்பவர் தாயை வருத்தாமல் மென்மையாக இயங்கும் ஒன்றை அமைத்தார். இன்று கையால் அழுத்துவதும் உண்டு, மின்சாரத்தில் இயங்குவதும் உண்டு. எதுவாயினும் அதன் வாய்ப்புனல் காம்புக்குப் பொருந்த வேண்டும். உறிஞ்சும் வேகத்தை உச்சத்தில் வைத்தால் அதிகம் வரும் என்பது பிழையான எண்ணம். நொந்தால் ஒட்சிற்றோசின் சுரப்பது தடைப்படும், பாலும் வராது. ஒருவர் பயன்படுத்திய வீட்டுப் பம்பை மற்றொருவர் இரவல் வாங்குவதும் நன்றன்று.

எடுத்த பால் எவ்வளவு நேரம் கெடாமல் இருக்கும்? 25 பாகை செல்சியசுக்கு உட்பட்ட அறையில் 4 மணித்தியாலம் என்று நூல்கள் கூறும். நம் பக்கத்திற் சித்திரை வைகாசி வெயிலில் அறை வெப்பம் 30 பாகையைத் தாண்டும். ஆகவே அந்தக் கணக்கை நம்பிப் பையில் வைத்திருத்தல் தகாது. குளிர்ப்பெட்டியில் 4 பாகையில் 4 நாள் வரை வைக்கலாம். உறையவைத்த பாலை 6 மாதத்துக்குள் பயன்படுத்துவது சிறந்தது. எங்கள் மனைப்பொருளியற் கூடத்தில் ஒரு குளிர்ப்பெட்டி உண்டு. அதில் ஒரு தட்டை ஒதுக்கினோம். (விஞ்ஞான கூடத்திலும் ஒன்று உண்டு, ஆனால் அமிலப் போத்தலுக்குப் பக்கத்திற் குழந்தையின் பாலை வைக்க என் மனம் ஒப்பவில்லை.) முன்னாள் இரவே உறையவைத்த தண்ணீர்ப் போத்தல் இரண்டை, வெப்பம் புகாத பையில் இட்டு, நடுவிலே பாற்போத்தலை வைத்தாற் பஸ் பயணத்துக்கு அச்சமில்லை. போத்தலின் மேல் எடுத்த நாளையும் நேரத்தையும் எழுதி ஒட்ட வேண்டும். பழையது முதலிற் செலவாக வேண்டும்.

வீட்டிலிருக்கும் பாட்டிமாருக்கும் இங்கே இரண்டு வார்த்தை. குளிரில் வைத்த தாய்ப்பாலில் ஆடைபோலக் கொழுப்பு மேலே பிரிந்து நிற்கும். பால் திரைந்துவிட்டது என்று அதனை ஊற்றிவிடாதீர்கள். மெல்லச் சுழற்றினாற் கலந்துவிடும். ஒரு தாய் முக்கால் மணி நேரம் இருந்து எடுத்த பால் அது. அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டாம். இளஞ்சூட்டு நீரிற் போத்தலை வைத்தாற் போதும். குழந்தை குடித்து எஞ்சியதை 2 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது. உறைந்திருந்து இளகிய பாலை மறுபடி உறையவைக்கலாகாது. சூப்பிப் போத்தல் வேண்டாம். சிறு கோப்பையை உதட்டருகே சரித்துப் பிடித்தாற் குழந்தை நக்கி நக்கிக் குடிக்கப் பழகும். போத்தலுக்குப் பழகிய சில பிள்ளைகள் பிறகு தாயின் மார்பிற் பாடுபட்டு உறிஞ்ச மறுக்கின்றன. பிள்ளை அழுகிறதே என்று கற்கண்டுத் தண்ணீர் கொடுக்காதீர்கள். இன்னுமொன்று, தாய் வீடு வந்து சேரும் நேரத்துக்குச் சற்று முன்பாகக் குழந்தையின் வயிற்றை நிரப்பிவிடாதீர்கள். தாய் வாசலில் வந்து நிற்கும்போது பிள்ளை பசியோடிருப்பதே இருவருக்கும் நல்லது.

இவற்றையெல்லாம் வேலைக்குத் திரும்பும் நாளன்று தொடங்கினாற் சரிவராது. இரண்டு கிழமைக்கு முன்பே நாளுக்கொரு முறை, காலைப் பால் கொடுத்தபின் சிறிது எடுத்துப் பழக வேண்டும். தாயில்லாத நேரத்திற் கோப்பையாற் குடிக்கக் குழந்தையும் பழக வேண்டும். தொடக்கத்தில் இரண்டு மேசைக்கரண்டியே வந்தாலும் கலங்க வேண்டாம். பம்பிலோ கிண்ணத்திலோ விழும் அளவு மார்பிலுள்ள பாலின் அளவன்று. குழந்தையைப்போல் எடுக்க எந்தக் கருவிக்கும் தெரியாது. மனம் பதறினாற் பால் இறங்காது. இளஞ்சூட்டுத் துணியை ஒற்றிவிட்டு, கைத்தொலைபேசியிற் குழந்தையின் படத்தைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்தால் இறங்கும். மாதவிலக்கு வரும் நாள்களிற் சிறிது குறைவதும் பின் மீள்வதும் இயல்பு.

இராக் காலத்திற் புரோலக்ரின் மிகுதியாகச் சுரக்கிறது. ஆதலாற் பகலில் வேலை பார்க்கும் தாய் இரவிற் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக் கொடுப்பதும், சனி ஞாயிறுகளிற் போத்தலைத் தொடாமல் மார்பிலேயே கொடுப்பதும் கிழமை நாளில் ஏற்பட்ட குறையை ஈடுசெய்யும். சுறா வறை, உள்ளி, முருங்கையிலை என்று நம் வீடுகளிற் கொடுப்பார்களே, அவற்றை நான் இகழமாட்டேன். களைத்து வந்த பெண்ணுக்கு ஒருவர் சமைத்துக் கொடுப்பதே பெரிய காரியம். ஆனால் எவ்வளவு சுறா உண்டாலும், எடுக்காத பால் ஊறாது. பால் பெருக்கும் மாத்திரைகளை வைத்தியரைக் கேளாமல் வாங்கி விழுங்குவதோ அபாயம். மார்பு ஓரிடத்திற் சிவந்து நொந்து காய்ச்சலும் வந்தால் அன்றே வைத்தியரிடம் செல்ல வேண்டும். அப்போதும் பாலை எடுப்பதை நிறுத்தலாகாது. இத்தனையும் செய்தும் பால் போதாமற்போகும் தாய்மாரும் இருக்கிறார்கள். அவர்கள் வைத்திய ஆலோசனையோடு வேறு பால் கொடுத்தால் அதற்காக எவரும் அவர்களைக் குற்றஞ்சொல்ல வேண்டாம்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். எங்கள் பாடசாலையில் நாளுக்கு 40 நிமிடப் பாடவேளைகள் எட்டு. மூன்றாம் பாடவேளை 9.10க்கும், ஏழாவது 12.10க்கும் தொடங்கும். கணித ஆசிரியைக்கு எல்லா நாள்களிலும் அவ்விரண்டையும் வெறுமையாக்கினேன். கேட்பதற்கு எளிது, செய்வதற்கு இரண்டு மாலைகள் சென்றன. உயர்தர வகுப்பு ஆசிரியர் ஒருவர் தம்முடைய பாடவேளையை மாற்றச் சம்மதிக்காமல் முகத்தைத் தூக்கிக்கொண்டார். வெறுமையாக்கினாற் போதுமா? ஆசிரியர் ஒருவர் வராத நாளில் வெறும் பாடவேளை உள்ளவரைத்தான் அந்த வகுப்புக்கு அனுப்புவோம். காகிதத்திலே ஓய்வு, நடைமுறையில் இல்லை. ஆகவே இவ்விரு பாடவேளைகளிலும் அவரை எந்த வகுப்புக்கும் அனுப்பலாகாது என்று பதிவேட்டிற் சிவப்பு மையால் எழுதினேன்.

அடுத்தது இடம். நூலகத்துக்குப் பின்னால், கிழிந்த தேசப்படங்களும் உடைந்த பூகோள உருண்டைகளும் கிடந்த சிறு அறையை ஒழித்தோம். ஒரு கதிரை, ஒரு மேசை, ஒரு மின்செருகி, கைகழுவ ஒரு தொட்டி. செலவு என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. ஆனால் அந்த அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் இல்லை. உள்ளே தாழ்ப்பாள் இல்லாத அறையில் ஒரு பெண் எப்படி மனம் அமைந்து இருப்பாள்? இதனை உணர்ந்து, நான் கேளாமலே தம் வீட்டிலிருந்து திருகாணி கொண்டுவந்து தாழ்ப்பாளைப் பூட்டியவர் எங்கள் பிரதி அதிபர். ஓய்வுபெறும் வயதை அண்மித்த ஓர் ஆண்மகன். "என் மனைவியும் தாதியாக இருந்தவ" என்று மட்டும் சொன்னார்.

நம் நாட்டுச் சட்டத்துக்கும் இந்த எண்ணம் புதிதன்று. தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலைசெய்யும் பெண்களுக்கான 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பின்னர் திருத்தப்பட்டு, குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை, வேலை நாளில் இருமுறை பாலூட்டும் இடைவேளை கொடுக்க வேண்டும் என்று விதித்தது. பிள்ளைகளைப் பராமரிக்கும் இடம் அருகில் இருந்தால் ஒவ்வொன்றும் அரைமணி நேரம். இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். மலையகத் தோட்டங்களிற் பிள்ளை மடுவத்தில் குழந்தையை விட்டுச் சென்ற தாய், கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து பால் கொடுத்துச் செல்லும் வழக்கத்தைப் பலர் கண்டிருப்பீர்கள். மலையிற் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு இருவேளை என்று எழுதிவைக்க முடிந்த நாட்டில், மேசை நாற்காலி போட்ட கந்தோர்களின் தலைவர்கள் இதனை எண்ணிப் பாராதிருப்பது எனக்கு விளங்கவில்லை. வங்கி முகாமையாளர், பிரதேச செயலாளர், ஆடைத் தொழிற்சாலை நிருவாகி, கடை முதலாளி யாராயினும் இதனைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் கட்டடத்தில் உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் அறை எங்கே இருக்கிறது என்று நாளைக் காலை ஒருமுறை நடந்து பாருங்கள். உத்தியோகத்தர் வாய்திறந்து கேட்கும் வரை காத்திராதீர்கள். கேட்கமாட்டார்கள். நான் கேட்கவில்லை.

கணித ஆசிரியை அந்த விண்ணப்பத்தை நிரப்பவில்லை. முதல் நாள் அறையிலிருந்து வெளியே வந்தபோது போத்தலின் அடி மட்டுமே நனைந்திருந்தது, முகத்தில் ஏமாற்றம். இரண்டாம் கிழமை முடிவில் இருவேளைப் பாலும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு தேநீர்க் கோப்பை அளவுக்கு வந்தது. மாமியார் வாங்கிவைத்த பால்மாவில் அவருடைய மாமனார் தேநீர் குடித்தாராம். ஏழாம் மாதத்திற் குழந்தைக்குச் சோறு கரைத்துக் கொடுக்கத் தொடங்கியபின் மூன்றாம் பாடவேளையை அவரே வகுப்புக்குத் திருப்பிக் கொடுத்தார்; ஏழாவதை இன்னும் சில மாதம் வைத்துக்கொண்டார்.

வருகிற தவணையில் விஞ்ஞான ஆசிரியை ஒருவர் விடுமுறை முடிந்து வருகிறார். புதிய நேரசூசியில் அவர் பெயருக்கு எதிரே மூன்றையும் ஏழையும் வெறுமையாக விட்டிருக்கிறேன். உயர்தர வகுப்பு ஆசிரியர் இம்முறை ஒன்றும் சொல்லவில்லை.